மேலண்ணத்தில் ஒரு மேடு

வாயைத் திறந்தால் வம்பு என்று சொன்னதெல்லாம் பழைய காலம். குரல் பொறுப்புச் சட்டம் வந்தபிறகு, வாயை மூடிக்கொண்டு, கடிகட்டையைப் பல்லால் கவ்விக்கொண்டு, ஆடாமல் அசையாமல் நின்று எடுத்துக்கொண்ட தாடைப்படமே வம்பாகிவிட்டது. மேலச்செழியூர்ப் பல் மருத்துவமனையில் அந்தப் படத்தை எடுப்பவள் சங்கரவடிவு.

அங்கே அவளை வடிவக்கா என்றால்தான் தெரியும். கல்யாணமான வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். இப்போது மகள் பிளஸ் டூ படிக்கிறாள். தரைத்தளத்தில் ஏசி எப்போதும் ரிப்பேராகவே இருக்கிற ஓர் அறை, நடுவில் தூண் மாதிரி எக்ஸ்ரே இயந்திரம். அதன் முன்னால் நின்று மோவாயைத் தாங்கியில் வைத்துக்கொண்டால், இயந்திரத்தின் கை தலையை ஒரு சுற்று சுற்றிவரும். பிராகாரம் சுற்றுகிற வேகம்தான், அவசரமே கிடையாது. சுற்றி முடித்ததும் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை தாடை முழுவதும், மண்டையோட்டின் கீழ்ப்பாதியும், சுருட்டின பாயை விரித்த மாதிரித் திரையில் வந்து கிடக்கும்.

படம் எடுக்க அரை நிமிஷம் போதும். அதற்கு முன்னால் நடக்கிற பஞ்சாயத்துக்குத்தான் நேரம் பிடிக்கும். தோடு, மூக்குத்தி, சங்கிலி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொல்ல வேண்டும். இரும்போ தங்கமோ, உலோகம் எது இருந்தாலும் படத்தில் வெள்ளையாய் விழும். ஆனால் அந்த ஊர்ப் பெண்களிடம் தோட்டைக் கழற்று என்றால் உயிரைக் கழற்று என்றது போல முழிப்பார்கள். வெறுங்காதோடு நிற்பது ஆகாது. அதற்காக வடிவு ஒரு டப்பாவில் ஈர்க்குச்சிகளை ஒடித்துப் போட்டு வைத்திருந்தாள். தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, துளையில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு வந்து நின்றால் சாஸ்திரத்துக்கும் சமாதானம், எக்ஸ்ரேக்கும் சமாதானம்.

ஊரில் எல்லோருக்கும் தாடைப்படம் எடுத்து அரசாங்கக் கிடங்கில் சேர்த்து வைப்பது என்று ஆரம்பித்தபோது யாரும் எதிர்க்கவில்லை. எதிர்க்க என்ன இருந்தது? ஒரு பெரும்புயலில் கரையொதுங்கிய உடல்களுக்குப் பெயர் தெரியாமல் மொத்தமாகப் புதைத்த துக்கம் அப்போது எல்லோர் மனதிலும் இருந்தது. பல்லை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்றார்கள். நல்லதுதானே என்று சனம் வரிசையில் நின்றது. வேறு ஏதோ ஒன்றையும் அதே படத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதைச் சொல்வதற்கு முன் தண்ணீர் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

ஊருக்குப் புதிதாக ஒரு தனியார் குடிநீர் நிலையம் வந்திருந்தது. குழாயைத் திறந்தால் கண்ணாடி மாதிரித் தண்ணீர், ருசியும் இனிப்பு. மருத்துவமனையின் புதுக் கட்டடத்தைக் கட்டிக்கொடுத்ததும் அந்த நிலையத்துக்காரர்கள்தான். கொஞ்ச காலம் கழித்து, பள்ளிப் பரிசோதனைக்கு வந்த சின்னப் பிள்ளைகளின் படங்களில் வடிவு ஒன்றைக் கவனித்தாள். பால்பற்களுக்குக் கீழே, எலும்புக்குள், இனி முளைக்கப்போகிற பற்கள் வரிசையாகக் காத்திருக்கும். அவை திட்டுத்திட்டாய் அரித்துக் கிடந்தன. ஒரு பிள்ளைக்கு என்றால் ஏதோ நோய் என்று விடலாம். அந்தக் குழாய் போன தெருக்கள் அத்தனையிலும் இதே கதை. வெளியே பார்த்தால் பிள்ளைகள் முத்துப்பல் தெரியச் சிரித்தார்கள்.

டாக்டர் ஜெபமணியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு, தானும் பார்த்ததாகவும், மேலே எழுதியதாகவும், எழுதினதுக்குப் பதிலாகத் தன்னைக் கூப்பிட்டுப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரித்ததாகவும் சொன்னார். அவருடைய இரண்டு பெண்களும் ஹாஸ்டலில் படித்தார்கள். அதற்குமேல் அவர் சொல்லவேண்டியது எதுவும் இல்லை. வடிவும் கேட்கவில்லை.

ஆனால் மனசு கேட்கவேண்டுமே. தினமும் பிள்ளைகள் வந்து நின்று, ஆ காட்டி, போகும்போது டாட்டா காட்டிவிட்டுப் போனார்கள். வீட்டுக்குப் போய் அதே தண்ணீரைக் குடித்தார்கள். வடிவுக்குச் சோறு இறங்கவில்லை.

உள்ளூர் வானொலியில் 'ஊர்க்குறை நேரம்' என்று ஒரு நிகழ்ச்சி. போன் செய்து பேசினால் நேரடியாக ஒலிபரப்பாகும். புறநோயாளிகள் கூடத்தில் நோயாளிகள் வீட்டுக்குப் பேச இலவச போன் ஒன்று தூணோரம் இருந்தது. ஒரு நாள் மத்தியானம் வடிவு வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அங்கே போய் வரிசையில் நின்றாள். பல்செட் அச்செடுக்கிற மெழுகில் ஒரு துண்டு கிள்ளி, மேலண்ணத்தில் இடப்பக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தாள். புதுப் பல்செட் மாட்டியவர்களுக்கு முதல் நாள் குரலே மாறிப்போவதை எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறாள். பல்வலிக்காரி போல முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கூடத்தில் பாதிப்பேர் அப்படித்தான் நின்றார்கள், யார் கண்டது? பேசவேண்டியதைப் பேசிவிட்டு, வைத்துவிட்டு வந்துவிட்டாள். மெழுகைத் துப்பிய பிறகும் நாக்கு அந்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தது.

ஊர் கொதித்துவிட்டது. குடங்களை நடுரோட்டில் கவிழ்த்தார்கள். பஸ் ஓடவில்லை. நிலையத்தை மூடினார்கள்; ஒரு நிபுணர் குழு வந்து, குடித்துக் காட்டி, தண்ணீர் சுத்தம் என்று சொல்லிவிட்டுப் போனதும் திறந்தார்கள். தண்ணீர் சுத்தமென்றால் பேச்சு பொய்யாகிவிடுகிறது. பெயர் சொல்லாமல் பொய் பேசுவது குரல் பொறுப்புச் சட்டத்தில் பெரிய குற்றம். கூடவே, சின்னப் பிள்ளைகளுக்குத் தாடைப்படம் எடுப்பதானால் இனி மேலிடத்து அனுமதி வேண்டும் என்று ஓர் உத்தரவும் வந்தது. கதிர்வீச்சிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றவாம்.

பேசியவர் யார் என்று கண்டுபிடிக்க ஆய்வாளர் நாச்சிமுத்து வந்தார். கொங்கு நாட்டுக்காரர். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிற போலீஸ்காரரை வடிவு அதற்குமுன் பார்த்ததில்லை. கிடங்கிலுள்ள படங்களைத் தன் இயந்திரத்தோடு இணைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அவள் கொடுத்த நாற்காலியில் நன்றி சொல்லி உட்கார்ந்தார். படத்துக்கும் குரலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்டாள். தெரியாதவள் மாதிரி கேட்கவேண்டியிருந்தது.

"புல்லாங்குழலோட நீளம், ஓட்டை எங்கெங்க இருக்குதுன்னு தெரிஞ்சா, அதுல என்ன நாதம் வரும்னு கணக்குப் போட்டுரலாமுங்க. மனுசன் வாயும் அப்படித்தானுங்க. நாங்க அதைத் திருப்பிப் போடறோம். நாதம் எங்க கையில இருக்குதுங்க. குழலைத் தேடறோம்."

அந்தப் போனில் அன்றைக்குப் பேசக்கூடியவர்கள் மருத்துவமனைக்கு வந்தவர்களும் வேலை செய்பவர்களும்தான். வேலை செய்பவர்களை முதலிலேயே பார்த்தாகிவிட்டது, ஒருவரும் பொருந்தவில்லை, ஆகவே வடிவு கவலைப்பட வேண்டாம் என்று அவரே ஆறுதல் சொன்னார். பிறகு போகிற போக்கில் இன்னொன்றையும் சொன்னார்.

"இந்தக் குரல்ல ஒரு விசேசம் இருக்குதுங்க. மேலண்ணத்துல, இடப்பக்கமா, ஒரு மேடு இருக்கோணும்னு மெசின் சொல்லுது. லட்சத்துல ஒருத்தருக்குத்தான் அப்படி இருக்குமாம். அதனால சுலபமாக் கிடைச்சிருமுங்க."

வடிவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அந்த மேடு குப்பைத்தொட்டியில் அல்லவா கிடக்கிறது! லட்சம் தாடையைப் புரட்டினாலும் மெழுகு முளைத்த அண்ணம் இவர்களுக்கு எங்கே கிடைக்கும்? அன்றைக்கு வீட்டுக்குப் போய் ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் ஆள் கிடைத்துவிட்டது.

முப்புடாதி என்று பெயர். பீடி சுற்றுகிறவள், கீழத்தெரு. பெயரைக் கேட்டதும் வடிவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. வானொலிக்குப் பேசின அதே நாள் காலையில், கன்னம் வீங்கி, கடைவாய்ப்பல் எடுக்க வந்தவள்; அதுவரை தாடைப்படமே எடுத்துக்கொண்டதில்லை. கண்ணாடிச் சுவரின் மறுபக்கம் நாச்சிமுத்து டாக்டரோடு பேசிக்கொண்டிருக்க, வடிவு அவளுடைய படத்தைத் திரையில் கொண்டுவந்தாள். இடது மேலண்ணத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

அன்று முப்புடாதிக்கு இடது காதுத் தோடு கழன்றுவிட்டது. வலது காதில் திருகாணி மரை தேய்ந்து இறுகிப்போய் அசையவே இல்லை. கல்யாணத்துக்குப் போட்ட தோடாம், அன்றிலிருந்து கழற்றினதே இல்லையாம். ஆசாரியிடம் போய் அறுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் அந்த அம்மாள் வலியில் கண்ணீர் விட்டுக்கொண்டு, தோட்டை அறுத்தால் வீட்டுக்காரருக்கு ஆகாது தாயி என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வடிவு இரக்கப்பட்டு அப்படியே எடுத்துவிட்டாள். இயந்திரம் சுற்றிச் சுற்றி எடுப்பதால் ஒரு காதிலிருக்கிற உலோகத்தின் நிழல் மறுபக்கத்தில், கொஞ்சம் மேலே, பெரிதாய் மங்கலாய் விழும். கோஸ்ட் என்பார்கள். பேய்தான். டாக்டர்களுக்கு அது பழக்கம். பார்த்ததும் ஒதுக்கிவிட்டுப் பல்லைப் பார்ப்பார்கள்.

குரல் இயந்திரத்துக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முப்புடாதியின் வலது காதுத் தோடு, படத்தில் இடது மேலண்ணத்தில் ஒரு மேடாக உட்கார்ந்திருந்தது. சரியாக மெழுகு இருந்த இடத்தில்.

வடிவு ஓடிப்போய் டாக்டர் ஜெபமணியிடம் சொன்னாள். அவர் படத்தைப் பார்த்தார், ஒரு நொடியில் புரிந்துகொண்டார். நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்லமுடியாது. உடனே நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு, இது எலும்பு இல்லை, தோட்டின் நிழல், தோட்டை எடுத்துவிட்டு மறுபடி ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும் என்று விளக்கினார். நாச்சிமுத்து குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரியாவே இருக்கலாமுங்க டாக்டர். ஆனா ரெண்டாவது படம் சட்டத்துல செல்லாது. குத்தம் நடந்ததுக்கு முந்தி எடுத்த படம்தான் சாட்சி. இல்லீன்னா ஆளாளுக்குப் பல்லைப் புடுங்கிட்டு, வாய்க்குள்ள எதையாவது ஒட்டிட்டு வந்து நான் அவனில்லைன்னு நிப்பாங்க. அதுவுமில்லாம, நிழலா இருந்தா குரல்ல எப்படீங்க மேடு வரும்? குரல்லயும் அதே இடத்துல மேடு, படத்துலயும் அதே இடத்துல மேடு. ரெண்டும் பொய்யா?"

டாக்டருக்குப் பதில் தெரியவில்லை. வடிவுக்குத் தெரிந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது, வேலை போய்விடும் என்பது வந்தது, மூன்று வருஷம் உள்ளே என்பது வந்தது. பயம்தான், வேறொன்றும் இல்லை. ஒரு பீடிக்காரிக்கு எலும்புக்குள் இருக்கிற பல் எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டுப் பார்த்தாள். டாக்டர் படத்தைத் திரையில் வைத்துப் பேசும்போது அந்த அம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், கதவு திறந்திருக்கும், காதில் விழுந்திருக்கும் என்றார் நாச்சிமுத்து. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது.

அவர் போனபிறகு டாக்டர் ஜெபமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே அவளைப் பார்க்காமல் பேசினார்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா வடிவு? நான் கேக்கல. கேட்டா நீ சொல்லிருவ. சொல்லிட்டா நான் ஏதாவது செய்யணும்."

முப்புடாதியைக் கொண்டுபோய்விட்டார்கள். அவளைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தபோது குரல் ஒத்துவரவில்லை. வேண்டுமென்றே மாற்றிப் பேசுகிறாள் என்று அதற்கும் ஒரு குற்றம் சேர்த்தார்கள். இதையெல்லாம் கேள்விப்பட்டபோது வடிவு, மேலிடத்து அனுமதியோடு வந்த ஒரு பிள்ளைக்குக் கடிகட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை, வலிக்குமா ஆன்ட்டி என்று கேட்டது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில், கணவனிடமும் மகளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கணவன் சத்தம் போடவில்லை. சாப்பிட்ட தட்டிலேயே கைகழுவினான். நீ போய்ச் சொல்லாமல் இருந்தால் அப்புறம் இந்த வீட்டில் உன் உடம்புதான் இருக்கும், நீ இருக்க மாட்டாய் என்று அவன் சொன்னது அவளுக்குப் புரிந்தது. மகள், ஜெயிலுக்கு என்னென்ன கொண்டுபோகலாம் என்று கேட்டாள். வடிவு சீப்பு, மாற்றுச்சேலை, தைராய்டு மாத்திரை எல்லாம் ஒரு பையில் எடுத்துக்கொண்டு நாச்சிமுத்துவின் அலுவலகத்துக்குப் போனாள். பேசினது நான்தான் என்று சொன்னாள். மெழுகைப் பற்றிச் சொன்னாள். முந்தானை, கழற்றி வைத்த கோட்டு, எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்ததும், அப்பாடா என்று இருந்தது.

நாச்சிமுத்து அவளுக்கு டீ வரவழைத்தார்.

"நீங்க அஞ்சாவது ஆளுங்க," என்றார்.

இதற்குமுன் நான்கு பேர் வந்து நான்தான் பேசினேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்களாம். இரண்டு பேர் பேருக்கு ஆசைப்பட்டவர்கள், ஒருத்தி புத்தி சரியில்லாதவள், ஒருத்தி முப்புடாதியின் சொந்தத் தங்கை. வடிவு கைப்பையிலிருந்து புதிதாக ஒரு மெழுகுத் துண்டை எடுத்தாள். அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, அன்று பேசினதை அப்படியே பேசிக் காட்டினாள். அவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கவனமாகக் கேட்டார். கடைசியில் பாராட்டுகிற மாதிரி தலையாட்டினார்.

"ரொம்ப நல்லாப் பண்றீங்க. ஆனா இப்ப இந்தப் பேச்சை ஊருல சின்னக் குழந்தைகூட அப்படியே பேசிக் காட்டுதுங்க. குரலை யாரும் மாத்திக்கலாம், எலும்பை மாத்த முடியாது. அதனாலதான் சட்டம் எலும்பை மட்டும் நம்புது. உங்க படத்துல அந்த மேடு இல்லீங்க அக்கா."

"மெழுகு படத்துல எப்படி இருக்கும்? அது என் படம் எடுக்கும்போது வாயில இல்லையே."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். இல்லை."

வடிவு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேலி செய்கிறாரா என்று தேடினாள். அப்படியும் இல்லை, அவர் மனப்பூர்வமாகத்தான் பேசினார். இதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கொடியவனாக இருந்தால் திட்டலாம், கெட்டவனாக இருந்தால் சாபம் விடலாம். இவர், படம் எடுத்தவங்களுக்கு மனசு உறுத்தறது இயற்கைதான், நாலு நாள் லீவு போட்டு ஓய்வெடுங்கள் என்று சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பினார். கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டு, ஊருக்குக் கிளம்பினீங்களா என்று வேறு கேட்டார்.

அப்படியும் விடவில்லை அவள். மறுநாள் மெழுகை ஒட்டிக்கொண்டு, டாக்டர் ஜெபமணியைப் பொத்தானை அமுக்கச் சொல்லி, தானே இயந்திரத்தின் முன்னால் நின்றாள். எத்தனையோ ஆயிரம் பேருக்கு அவள் சொன்னதை அவர் அவளுக்குச் சொன்னார்: நாக்கை மேலே ஒட்டு, எச்சில் முழுங்காதே, ஆடாதே. கை சுற்றி வந்தது. நாச்சிமுத்துவின் இயந்திரத்தோடு இணைத்தபிறகு ஒருவருக்கு ஒரு படம்தான் என்று ஆகிவிட்டிருந்தது; படம் வரவேண்டிய திரையில் ஒரு வரிதான் வந்தது. இவருக்குப் படம் ஏற்கெனவே உள்ளது. டாக்டர் இரண்டு மூன்று தரம் முயன்றார். பிறகு, என்னால் இவ்வளவுதான் முடியும் வடிவு என்றார்.

கடைசியில் முப்புடாதியையே பார்க்கப் போனாள். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். அவள் திட்டினாலும் சரி, நாலு அறை அறைந்தாலும் சரி. அறைந்தால் நல்லது என்றுகூட இருந்தது.

பெண்கள் சிறையில் பார்வையாளர் அறைக்குள் முப்புடாதியைக் கூட்டிவந்தபோது வடிவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கன்ன வீக்கம் வடிந்திருந்தது. இரண்டு காதிலும் ஈர்க்குச்சி. உள்ளே வரும்போது நகை எதுவும் கூடாது என்று தோட்டைக் கட்டரால் நறுக்கிவிட்டார்களாம்.

வடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னதால் சிலவற்றை இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. முப்புடாதி பொறுமையாகக் கேட்டாள். பிறகு தன் முந்தானையால் வடிவின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"எனக்காவ ஏன் தாயி பொய் சொல்லுதிய? வயசுப் பிள்ளைய வீட்ல வச்சுக்கிட்டு. அன்னைக்குத் தோட்டோட படம் எடுத்தீயளே, அந்த ஒரு ஒத்தாச போதும்."

"பொய் இல்லக்கா. சத்தியமா நாந்தான் பேசுனேன்."

"சரி, சரி. அழாதிய."

அவள் நம்பவில்லை. சின்னப்பிள்ளையைச் சமாதானம் செய்வதுபோல வடிவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறொன்று சொன்னாள். அன்றைக்குப் பல்லைப் பிடுங்க மரத்துப்போகிற ஊசி போட்டார்கள் அல்லவா, அதற்குப் பிறகு தலை கிர்ரென்று இருந்தது. கூடத்துப் போனில் வீட்டுக்குப் பேசினது ஞாபகம் இருக்கிறது. வாய் ஒரு பக்கம் செத்துப்போய், தான் பேசினது தனக்கே யாரோ பேசுவது மாதிரிக் கேட்டது. என்ன பேசினோம் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"மிஷினு பொய் சொல்லாதுங்காவ. படிச்சவுக அத்தன பேரும் சொல்லும்போது... நாந்தான் பேசியிருப்பனோ என்னமோ. தெருவுல பொம்பளைய எல்லாம் இங்கன வந்து பாத்துட்டுப் போறாவ தாயி. எம் பிள்ளையக் காப்பாத்துன மகராசின்னு ஒருத்தி கும்புட்டுட்டுப் போனா. என்னைய யாரு இதுவரைக்கும் கும்புட்டிருக்கா?"

இல்லை அக்கா, அந்தக் கும்பிடும் உனக்கு இல்லை என்று சொல்வதா? வாசலில் நின்ற பெண் காவலர் இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று சைகை காட்டினார்.

முப்புடாதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தாள். வக்கீல் வந்து போனாராம். குற்றத்தை ஒப்புக்கொண்டு, அன்று பேசினதை மாஜிஸ்ட்ரேட் முன்னால் தன் வாயாலேயே பிசகில்லாமல் சொல்லிவிட்டால் ஆறு மாதத்தோடு விட்டுவிடுவார்களாம். சொல்லத் தடுமாறினால் நடிக்கிறாள் என்று மூன்று வருஷம். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. வக்கீல் தன் செல்போனில் அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியிருக்கிறார். மீதியெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது, நடுவில் ஓர் இடம் மட்டும் வருவேனா என்கிறது.

"நீங்க அந்த ஆஸ்பத்திரிலயே இருக்கவுக. கேட்டிருப்பிய. சொல்லிப் பாக்கேன், தப்பு வந்தா திருத்துதியளா?"

வடிவு தலையை ஆட்டினாள். அதைத் தவிர அவள் செய்யக்கூடியது உலகத்தில் வேறு எதுவும் மிச்சமில்லை.

முப்புடாதி கண்ணை மூடிக்கொண்டு, வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஆரம்பித்தாள்.

"எம்மா, நான் சொல்லுதத நல்லாக் கேட்டுக்கிடுங்க. நம்ம பிள்ளையளுக்கு வெளிய தெரியுத பல்லு வெள்ளையாத்தான் இருக்கு. ஆனா உள்ள... உள்ள..."

நின்றுவிட்டாள். கண்ணைத் திறந்து, பார்த்தீர்களா, இங்கேதான் என்பது போல வடிவைப் பார்த்தாள்.

"ஆனா உள்ள, ஈறுக்கு அடியில, இனிமேப்பட்டு முளைக்கப்போற பல்லு பூராவும் அரிச்சுக் கிடக்கு," என்றாள் வடிவு. மெழுகு இல்லாமல், மறைக்காமல், சொந்தக் குரலில் சொன்னாள். "நான் என் கண்ணால பாத்தேன். அந்தத் தண்ணிய பிள்ளையளுக்குக் குடுக்காதிய."

காவலர் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். முப்புடாதி ஒவ்வொரு சொல்லாக உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். முதல் தடவை ஈறை விட்டுவிட்டாள். அடுத்த தடவை பிள்ளைகளை விட்டுவிட்டாள். வடிவு திருத்திக்கொடுத்தாள். நேரமாகிவிட்டது என்று காவலர் கதவைத் தட்டியபோது, முப்புடாதி அவரிடம் ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில், எங்கேயும் தடுக்காமல் சொல்லி முடித்தாள். அவள் முகத்தில் பரீட்சை எழுதி முடித்த சந்தோஷம்.

"நான் என் கண்ணால பாத்தேன்," என்று அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "சரியா இருக்கா தாயி?"

"சரியா இருக்குக்கா," என்றாள் வடிவு.